வாரக் கடைசியில் பழனிக்கு நடை: முதல்முறை பாதயாத்திரை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் – பழனி சாலை நடப்பவர்களின் சாலையாகிவிடும். குன்றக்குடி வழியாக வரும் நகரத்தார் காவடிகள், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குழுக்கள், பச்சை வேட்டி, காவி வேட்டி, தலையில் பை, கையில் தடி என்று இரவும் பகலும் கூட்டம் ஓயாது. இவர்களில் பலர் ஐந்து நாள், ஆறு நாள் நடப்பவர்கள். காரைக்குடியிலிருந்து பழனி ஏறத்தாழ 160 கிலோமீட்டர்.

அவர்களைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, ‘ஒரு வாரம் லீவு கிடைக்கிற வருஷம் நாமும் போகலாம்’ என்று தள்ளிப்போட்டபடியே இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஒரு வாரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சனியும் ஞாயிறும் இருக்கின்றன. சரியாகத் திட்டமிட்டால் அது போதும்.

முதல்முறை நான் சரியாகத் திட்டமிடவில்லை. சனிக்கிழமை மதியம் வரை வேலை. மாலையில் திண்டுக்கல்லில் இறங்கி, இரவு முழுக்க நடந்து, ஞாயிறு மதியத்துக்குள் பழனி என்று கணக்குப் போட்டேன். 60 கிலோமீட்டர். சத்திரப்பட்டியை நெருங்கும்போது விடிந்தது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. தொடை உரசி வெந்துபோயிருந்தது. நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த, செட்டிநாட்டுப் பக்கம் இருந்து வந்த ஓர் ஆச்சி, தன் பையிலிருந்த விளக்கெண்ணெயை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “ராத்திரி எங்க தம்பி படுத்தீங்க?” படுக்கவில்லை என்றேன். “படுக்காம எப்படி நடக்கிறது? மணிக்கு ஒருக்கா உக்காந்து காலைத் தூக்கிவச்சாத்தானே கால் பேசாம இருக்கும்?” அவர் அன்று ஐந்தாவது நாளாக நடந்துகொண்டிருந்தார். நான் மீதித் தூரத்தைப் பேருந்தில் போனேன். சந்நிதியில் நின்ற அந்தச் சில நொடிகளில்கூட என் நினைவெல்லாம் கால் வலியில்தான் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் நான் கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்று: நாள் குறைந்தால் தூரத்தைக் குறைப்பேன், ஓய்வைக் குறைக்க மாட்டேன். கீழே உள்ள எல்லாம் அதிலிருந்து வந்தவைதாம்.

1. திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

எல்லோரும் கிளம்பும் நாளிலிருந்து கணக்குப் போடுவார்கள். நீங்கள் திரும்பி வீடு சேரவேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். திங்கள் காலை வேலைக்குப் போயாக வேண்டுமா? அப்படியானால் ஞாயிறு மாலைக்குள் பழனியில் பேருந்தோ ரயிலோ ஏற வேண்டும். அதற்குமுன் மலையேறித் தரிசனம் முடிந்திருக்க வேண்டும். வரிசைக்குச் சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தைப்பூச நாட்களில் அரை நாள் ஒதுக்கினாலும் பற்றாமல் போகலாம். குளிக்கவும் சாப்பிடவும் ஒரு மணி நேரம். அப்படியென்றால் ஞாயிறு காலை 9 மணிக்குள் நடை முடிந்திருக்க வேண்டும். இப்போது தெரிகிறதல்லவா, உங்கள் கையில் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று?

2. எங்கிருந்து தொடங்குவது

முதல்முறை நடக்கிறவர் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போக முடியும். ஆனால் ஓய்வையும் தேநீரையும் சேர்த்தால் சராசரி 3 முதல் 3.5 கிலோமீட்டர்தான் வரும். நாளுக்கு 30 கிலோமீட்டர் என்பது பழகியவருக்கே உச்சம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தொடங்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

சனி, ஞாயிறு மட்டும் உள்ளவர்களுக்கு ஒட்டன்சத்திரம். பழனிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சனிக்கிழமை மதியம் 3 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணி வாக்கில் சத்திரப்பட்டிப் பக்கம் படுத்துவிட்டு, ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு எழுந்து நடந்தால் 9 மணிக்குப் பழனி. முதல்முறைக்கு நான் சொல்வது இதைத்தான்.

திங்கட்கிழமையும் லீவு எடுக்க முடியுமென்றால் திண்டுக்கல். வெள்ளி இரவே அங்கே போய்த் தூங்கிவிட்டு, சனி ஒட்டன்சத்திரம், ஞாயிறு பழனி, திங்கள் காலை தரிசனம்.

கோயம்புத்தூர், திருப்பூர்க்காரர்கள் இத்தனை தூரம் சுற்றி வர வேண்டாம். உடுமலைப்பேட்டையிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பழனி 35 கிலோமீட்டர் அளவில்தான். இந்த ஊர்களிலிருந்து வரும் பாதயாத்திரைக் குழுக்களும் உண்டு. மதுரையிலிருந்து நடப்பது 115 கிலோமீட்டருக்கு மேல். அதை நான்கு நாள் உள்ள வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒட்டன்சத்திரத்திலிருந்து நடந்தால் அதைப் பாதயாத்திரை என்று சொல்லலாமா?’ என்று சிலர் தயக்கத்தோடு கேட்பார்கள். காவடியின் கதையை நினைத்துப் பாருங்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளையும் தோளில் சுமந்து வந்த இடும்பன், ஆவினன்குடியில் களைப்பாற இறக்கி வைத்தான். மீண்டும் தூக்கப் பார்த்தபோது மலை அசையவில்லை. அதன்மேல் முருகன் நின்றிருந்தான். இறக்கி வைத்த இடத்தில்தான் பழனி இருக்கிறது. எவ்வளவு தூரம் என்று கேட்டு யாரும் மலைவாசலில் நிறுத்துவதில்லை. வேண்டிக்கொள்ளும்போதே ‘இந்த ஊரிலிருந்து நடந்து வருகிறேன்’ என்று ஊர்ப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். பிறகு பாதி வழியில் மனம் உறுத்தாது.

இரண்டு நாள்கூட இல்லை என்பவர்களுக்குத் திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலம் 14 கிலோமீட்டர். ஓர் இரவு போதும். பழனி நடைக்கு நல்ல பயிற்சியும்கூட.

3. எந்த மாதம்

தைப்பூசத்தை ஒட்டிய இரண்டு வாரங்களில் வழியெங்கும் துணை உண்டு, அன்னதானம் உண்டு, மருத்துவ முகாம் உண்டு, படுக்கப் பந்தல் உண்டு. ஆனால் பழனியில் கால் வைக்க இடமிருக்காது. என் யோசனை: பூசத்துக்கு ஒரு வாரமோ பத்து நாளோ முந்தைய வாரக் கடைசி. சாலையில் ஆட்கள் இருப்பார்கள். மலையில் நெருக்கம் குறைவு.

பங்குனி உத்திரத்துக்கும் நடப்பவர்கள் உண்டு. கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருகிற காவடிகள் அப்போதுதான் வரும். ஆனால் வெயில் ஏறிவிடும், புதியவர்களுக்கு வேண்டாம். சித்திரை, வைகாசியைத் தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

4. ஆறு வாரப் பயிற்சி

வேலை நாட்களில் தினம் 4 கிலோமீட்டர் நடங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் 8, 12, 16, 20 என்று ஏற்றுங்கள். ஐந்தாவது வாரம் சனிக்கிழமை 15, மறுநாள் காலை 12 என்று அடுத்தடுத்து நடந்து பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நேற்று நடந்த காலோடு இன்று எழுந்து நடப்பது எப்படி என்று உடம்பு ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஆறாவது வாரம் ஓய்வு, சும்மா காலாற நடந்தால் போதும்.

பூங்காவின் மண் பாதையில் பழகிவிட்டுத் தார்ச்சாலையில் இறங்காதீர்கள். எதில் நடக்கப் போகிறீர்களோ அதில் பழகுங்கள். எந்தப் பையைச் சுமக்கப் போகிறீர்களோ அதைச் சுமந்து பழகுங்கள். மாடிப்படியும் ஏறி இறங்குங்கள். கடைசியில் மலை இருக்கிறது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

5. காலுக்கு என்ன

வெறுங்காலோடு நடப்பது பலருடைய வேண்டுதல். அதை மதிக்கிறேன். ஆனால் அதற்கும் பழக்கம் வேண்டும்: ஆறு வாரமும் வெறுங்காலில் நடந்து பாதத்தோல் தடித்திருந்தால் மட்டும். அப்படி நடப்பவர்கள் காலை 9 மணிக்குமேல் தாரில் இறங்கக்கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. முள் குத்தியதும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது; புண் பெரிதானபின்தான் தெரியும். செருப்போடு நடப்பதால் வேண்டுதல் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. சந்நிதிக்குப் போகும் கடைசிப் படிகளை வெறுங்காலில் ஏறுங்கள்.

ஷூ அணிபவர்கள் அரை அளவு பெரியதாக வாங்குங்கள், ஏனென்றால் நடக்க நடக்கப் பாதம் வீங்கும். வாங்கி ஒரு மாதமாவது போட்டிருக்க வேண்டும். புது ஷூவில் பாதயாத்திரை போனவர்கள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பியதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரமான காலுறைதான் கொப்புளத்துக்குத் தாய்; மூன்று ஜோடி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய ஓய்விலும் மாற்றுங்கள். கிளம்புமுன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் தொடையிடுக்கிலும் விளக்கெண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். வேட்டி கட்டுகிறவர்கள் உள்ளே முழங்கால் வரை வரும் பருத்திக் கால்சட்டை போட்டுக்கொண்டால் தொடை உரசாது.

ஓரிடத்தில் சுள்ளென்று சுட ஆரம்பித்தால் ‘அடுத்த ஊரில் பார்க்கலாம்’ என்று நடக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். சின்னக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்துவிட்டு, தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள்.

6. பையில் எதை வைப்பது, எதை விடுவது

குழுவோடு போனால் சாமான்களைக் குட்டியானை வண்டி ஏற்றி வரும். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போனால் எல்லாம் உங்கள் தோளில்தான். 4 கிலோவுக்கு மேல் போகக்கூடாது.

இரண்டு வேட்டி அல்லது இரண்டு மாற்றுத் துணி, ஒரு துண்டு, ஒரு போர்வை (தை மாத விடியலில் குளிரும்), ஒரு தொப்பி, சின்ன டார்ச், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, பிளாஸ்திரி, எண்ணெய், வழக்கமான மாத்திரைகள், அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை. கட்டிச் சோறு வேண்டாம், கெட்டுப்போகும். கடலை மிட்டாய், பேரீச்சை போதும். பெண்கள் நாப்கின் வைத்துக்கொள்ளட்டும். நடையில் நாள் முன்பின் ஆகலாம், வழிக் கடைகளில் இரவில் கிடைக்காது.

வலி மாத்திரையை மட்டும் நம்பி நடக்காதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவற்றைத் திரும்பத் திரும்பப் போடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

7. மாலையும் விரதமும்

சிலர் 48 நாள், சிலர் 21 நாள், சிலர் கிளம்பும் அன்று கோயிலில் போட்டுக்கொள்வார்கள். உங்கள் வீட்டு வழக்கம் என்னவோ அது. வழக்கமே இல்லாத வீடென்றால் ஆறு வாரப் பயிற்சியையே விரத நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளித்து, கும்பிட்டு, நடக்கப் போவது நன்றாகப் பொருந்திவருகிறது. ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம் இருப்பவர்கள் நடக்கும் நாட்களில் அதைத் தளர்த்துங்கள்.

8. நடக்கும் நாள்: மணிக் கணக்கு

திண்டுக்கல்லிலிருந்து கிளம்பும் நாளை எடுத்துக்கொள்வோம். அதிகாலை 4 மணிக்கு முதல் அடி. தை மாதத்தில் சூரியன் 6.40 வாக்கில்தான் எழும். அதற்குள் நல்ல தூரம் குளிரிலேயே கடந்துவிடலாம். நீங்கள் மேற்கு நோக்கி நடக்கிறீர்கள். காலை வெயில் முதுகில் விழும், மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். தொப்பி காலையைவிட மாலைக்குத்தான் தேவை. இடப்பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வரும். மூடுபனி விலகி அது நீலமாகத் தெரியும் நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள்.

ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு. களைப்பு வந்தபின் உட்காருவது வேறு, வருமுன் உட்காருவது வேறு. செருப்பைக் கழற்றி, படுத்து, கால்களைப் பைமேலோ திண்ணைமேலோ உயர்த்தி வையுங்கள். ஆச்சி சொன்ன வைத்தியம் இதுதான். இரத்தம் இறங்கி வீக்கம் குறையும்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி, 9.30 மணிக்குள் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆகியிருக்கும். அங்கே நிறுத்துங்கள். இதுதான் புதியவர்களால் முடியாத காரியம். ‘கால் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் ஐந்து கிலோமீட்டர் போய்விடலாம்’ என்று தோன்றும். அந்த ஐந்து கிலோமீட்டருக்கான விலையை மறுநாள் கொடுக்க வேண்டியிருக்கும். நிழலைத் தேடுங்கள், குளியுங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். மதியம் 3.30 மணிக்கு மறுபடி கிளம்பி, 8 மணிக்கு ஒட்டன்சத்திரம். திருவிழாக் காலமானால் மண்டபங்களிலும் பந்தல்களிலும் படுக்கலாம். மற்ற நாட்களில் லாட்ஜில் முன்கூட்டியே அறை சொல்லிவையுங்கள். காய்கறி மார்க்கெட் ஊர் அது. இரவெல்லாம் லாரிகள் ஓடும். சாலையை ஒட்டிய அறை வேண்டாம்.

தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து நாளுக்கு இரண்டு முறை. உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள். அன்னதானத்தில் பாசத்தோடு அள்ளி வைப்பார்கள். அரை வயிறுக்குமேல் சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் நடை வராது. சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் தொட்டியில் போட்டுவிட்டு நகருங்கள். நாம் போனபின் அந்த வயல் ஓரத்தைச் சுத்தம் செய்வது அந்த ஊர்க்காரர்கள்தான்.

9. சாலையில்

இந்தப் பகுதியை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு தைப்பூசத்திலும் நடப்பவர்கள்மீது வண்டி மோதிய செய்தி வருகிறது. போனவர்கள் சாமி கும்பிடப் போனவர்கள்.

நடப்பவர்களுக்கென்று தனிப்பாதை போட்டிருக்கும் இடங்களில் அதைவிட்டு இறங்காதீர்கள். இல்லாத இடங்களில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடங்கள். ஒருவர்பின் ஒருவராக, கைகோத்து வேண்டாம். இரவில் பையின் பின்புறத்திலும் தடியிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். திருவிழாக் காலத்தில் காவல்துறையினரே வழியில் ஒட்டிவிடுவார்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் டார்ச் பிடிக்க வேண்டும். காதில் பாட்டுக் கருவி மாட்டாதீர்கள். எவ்வளவு தூக்கம் வந்தாலும் சாலையோரத்தில் படுக்காதீர்கள். இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரை நடக்கவே வேண்டாம் என்பது என் கட்டாயம். அந்த நேரத்தில் நமக்கும் கண் சொருகும், ஓட்டுநருக்கும் சொருகும்.

10. பழனி

சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று வரும்போது கொய்யாத் தோப்புகள் தென்படும். ஆயக்குடிக் கொய்யா பேர்போனது. விற்கிறவர்களிடம் வாங்கித் தின்னுங்கள், தோப்பில் கை வைக்க வேண்டாம். மலை கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் நடை தானாகவே வேகம் பிடிக்கும். பக்கத்தில் யாரோ ‘வேல் வேல்’ என்பார், கூட்டம் முழுக்க ‘வெற்றி வேல்’ என்று எழும். அந்த இடத்தில் எனக்கு இன்றும் கண் கலங்குகிறது. ஆனாலும் வேகத்தைக் கூட்டாதீர்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் தசை பிடித்துக்கொள்ளும்.

இடும்பன் குளத்திலோ சண்முகநதியிலோ நீராடுவது வழக்கம். தண்ணீர் சரியில்லையென்றால் விடுதியில் குளியுங்கள். பிறகு அடிவாரத்தில் திருவாவினன்குடி. திருமுருகாற்றுப்படை மூன்றாம் படைவீடாகச் சொல்வது இந்தக் கோயிலைத்தான். இதைக் கும்பிட்டுவிட்டு மலையேறுவது முறை. 60 கிலோமீட்டர் நடந்த காலுக்கு 2.5 கிலோமீட்டர் கிரிவீதி ஒன்றும் பெரிதாகத் தெரியாது என்பவர்கள் சுற்றிவிட்டு ஏறலாம்.

படிகள் 690-க்கும் மேல். முழங்கால் வலிக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே சரிவாகப் போகும் யானைப்பாதை இருக்கிறது. 1966-இல் வந்த இழுவை ரயிலும் 2004-இல் வந்த ரோப் காரும் இருக்கின்றன. ரோப் கார் பராமரிப்புக்காகவும் காற்று பலமாக இருந்தாலும் நிறுத்தப்படும். ஏறும்போது வழியில் இடும்பன் சந்நிதியில் நின்று கும்பிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஏற்றம் படியில், இறக்கம் யானைப்பாதையில் அல்லது இழுவை ரயிலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் முதல் மலைமேல் கைபேசிக்குத் தடை உள்ளது. அடிவாரத்தில் சிறு கட்டணத்துக்கு ஒப்படைக்கலாம். குழுவில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று ஏறுமுன்பே பேசிவையுங்கள்.

திங்கள் காலை தரிசனம் என்று திட்டமிட்டவர்கள் ஞாயிறு மாலை வந்ததும் வரிசைக்கு ஓடாதீர்கள். தேவஸ்தான விடுதிகளில் முன்பே அறை எடுத்திருந்தால் போய்ப் படுங்கள். தூங்கி எழுந்து, விடியற்காலையில், வலி அடங்கிய காலோடு அவன் முன் போய் நில்லுங்கள். முதல்முறை எனக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

11. திரும்பி வருதல்

நடந்து முடித்த உடனே எட்டு மணி நேரம் பேருந்து இருக்கையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் கொழுக்கட்டைபோல் வீங்கிவிடும். முடிந்தால் ரயிலில் படுக்கை எடுங்கள்; பழனி, திண்டுக்கல் – பொள்ளாச்சிப் பாதையில் உள்ள நிலையம். படுக்கை கிடைக்காவிட்டால் பேருந்தில் திண்டுக்கல் வந்து அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். பேருந்துதான் என்றால் நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கி நாலடி நடங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாலையைச் சாமி படத்தின் முன் கழற்றி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் காலை வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தண்ணீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்க்கச் சொல்லுங்கள், பாதத்தைக் கண்ணாடி வைத்து அடிவரை சோதியுங்கள். சிவந்து சூடாக இருந்தாலோ சீழ் வைத்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். நகம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். சில மாதத்தில் புதுநகம் வந்துவிடும். எது சரியாக இருந்தது, எது உரசியது, எங்கே தண்ணீர் கிடைத்தது, எங்கே படுத்தீர்கள் என்பதை அன்றிரவே ஒரு தாளில் எழுதி அந்தப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த தைக்கு எடுக்கும்போது கையோடு இருக்கும்.